கல்லூரி ஜெபக்குழுவில் மெதுவான வளர்ச்சி: எதைப் பார்ப்பது, எப்படிச் சொல்வது?

கேள்வி: கேம்பஸ்_ஆலோசகர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கல்லூரி மாணவர் ஜெபக்குழுக்களோடு நிற்கிற பட்டதாரிகள், ஊழியர்கள், போதகர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

கிறிஸ்தவ மாணவர் முகாம் முடிந்து திரும்பிய முதல் இரண்டு வாரம் விடுதியே மாறிவிட்டதுபோல் இருக்கும். விடியற்காலையில் எழுந்து தியானவேளை (தனியாக வேதம் வாசித்து ஜெபிப்பது), மெஸ் வரிசையில் நிற்கும்போதே சாட்சி, வாட்ஸாப் குழுவில் வசனத்துக்குமேல் வசனம். முதல் இன்டர்னல் தேர்வு வந்ததும் பாதிப் பேரைக் காணோம். மிச்சம் இருப்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள், உட்காருகிறார்கள், போகிறார்கள். கமிட்டி மாணவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். "அண்ணா, யாருமே வளரலையே, நாம என்னதான் பண்றோம்?" என்று கேட்கிறார்கள்.

வளர்ச்சி மெதுவாகத்தான் வரும் என்று அவர்களுக்குச் சொல்லலாம், சொல்கிறோம். ஆனால் எதைப் பார்த்து "இதோ, இவன் வளர்ந்திருக்கிறான்" என்று காட்டுவது? அதை அந்த மாணவனிடம் சொல்லும்போது முகஸ்துதி ஆகிவிடாமல், அவனுக்குப் பெருமை ஏறிவிடாமல் எப்படிச் சொல்வது? நமக்காக ஜெபிக்கிறவர்களுக்கு அனுப்பும் மாதாந்தர ஜெபக்கடிதத்தில் எண்ணிக்கையை விட்டால் வேறு எதை எழுதுவது? பொதுவான உற்சாக வார்த்தைகளைவிட, செய்துபார்க்கக்கூடிய வழிகளைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1: விதைநெல்

கமிட்டித் தம்பிகள் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். முகாமின் கடைசி இரவையும், இன்டர்னலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். முகாமில் ரெக்கார்டு நோட்டு கிடையாது, அரியர் பயம் கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, சுற்றி இருக்கிற அத்தனை பேரும் பாடுகிறார்கள். அந்த இரவை அளவுகோலாக வைத்தால் விடுதியில் ஒருவனும் தேறமாட்டான். ஒரு மாணவனை அவனுடைய போன செமஸ்டரோடு மட்டும் ஒப்பிட வேண்டும். மற்ற மாணவனோடும் வேண்டாம், முகாமில் இருந்த அவனோடும் வேண்டாம்.

அப்படி ஒப்பிட, போன செமஸ்டரில் அவன் எப்படி இருந்தான் என்பது யாருக்காவது நினைவிருக்க வேண்டுமே. இங்கேதான் மாணவர் ஊழியத்தில் இயல்பாகவே ஒரு ஓட்டை இருக்கிறது. 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. (Union of Evangelical Students of India) போன்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களில் மாணவர்கள் முன்னின்று நடத்துவதும் பட்டதாரிகள் பின்னால் நிற்பதும்தான் முறை. அருமையான முறை, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் கமிட்டி வருடாவருடம் மாறும். முதலாமாண்டில் ஒருவனை வரவேற்று ரூமுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போன அண்ணன்மார், அவன் இறுதியாண்டு வரும்போது கல்லூரியிலேயே இல்லை. நான்கு வருடத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் ஆலோசகர் ஒருவர்தான். ஆகவே குறிப்பெடுக்கிற வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கமிட்டியிடம் தள்ளாதீர்கள்.

ஒரு சாதாரண நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம், மாதம் ஒருமுறை இரண்டு மூன்று வரி. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். "நன்றாக வளர்கிறான்" என்ற வரி ஆறு மாதம் கழித்து உங்களுக்கு ஒன்றுமே சொல்லாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆகஸ்ட்: கேட்டால்தான் வாசிக்கிறான். ஜெபத்தில் ஆமென் மட்டும்.
அக்டோபர்: ரூம்மேட்டின் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லி, அவருக்காக ஒரே ஒரு வாக்கியம் ஜெபித்தான்.
ஜனவரி: மாற்கு 9:24 வாசிக்கும்போது, 'அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்னு கேக்கிறவருக்கு விசுவாசம் இருக்கா இல்லையா?' என்று தானாகவே கேட்டான்."

வாராவாரம் பார்க்கிற கமிட்டிக்கு இந்த மூன்றும் தனித்தனியாக ஒன்றுமில்லாதவை. வரிசையாக வாசித்தால், வாயே திறக்காத ஒரு பையன் அடுத்தவனுக்காக ஜெபிக்கிறவனாகி, பிறகு வேதத்தோடு மல்லுக்கட்டுகிறவனாகி இருக்கிறான். ஆறே மாதத்தில். இது சின்ன விஷயமா?

அறிக்கையிட்ட பாவங்கள், காதல் விவகாரம், வீட்டுச் சண்டை இவற்றை நோட்டில் எழுதவே கூடாது. பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும். படிப்பு முடித்துப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். கூகுள் ஷீட்டில் போட்டுக் கமிட்டியோடு பகிர்கிற யோசனை எப்போதும் வரும். செய்யாதீர்கள். அது இரண்டே வாரத்தில் மார்க் ஷீட் ஆகிவிடும்; தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த மாணவன் அதன்பிறகு உங்கள் முன்னால் நடிக்கத் தொடங்குவான்.

எங்கே பார்ப்பது என்று கேட்டீர்கள். முதலில் ஜெபத்தில். புதிதாக ஜெபிக்கத் தொடங்குகிறவன் வீட்டிலும் சபையிலும் கேட்ட வாக்கியங்களைக் கோத்துத்தான் ஜெபிப்பான்: "இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம், பயணத்தில் கூட இருந்தீரே ஸ்தோத்திரம்." அதில் தவறில்லை, எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அந்தக் கோவைக்கு நடுவே அவனுடைய சொந்த வாக்கியம் ஒன்று எப்போது நுழைகிறது என்று கவனியுங்கள். "ஆண்டவரே, அந்த லேப் அசிஸ்டன்டை எனக்குப் பிடிக்கவே இல்லை, என்ன செய்றதுன்னு தெரியலை" என்று ஒருவன் ஜெபித்தால் அந்த நாளைக் குறித்துவையுங்கள். ஜெபம் நீளமாவதும் சத்தமாவதும் வளர்ச்சியின் அடையாளம் ஆகாது. பல நேரம் சுருங்குவதுதான் வளர்ச்சி. யாருக்காக ஜெபிக்கிறான் என்பதும் முக்கியம். அரியர், பிளேஸ்மென்ட், வீட்டுக் கடன் என்று தன் பட்டியலுக்குள்ளேயே இருந்தவன் வகுப்புத் தோழனின் பெயரைச் சொல்லத் தொடங்குகிறானா என்று பாருங்கள்.

அடுத்து, விழுந்தபின் எழும்ப எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். முதலாமாண்டில் ஏதோ ஒன்றில் தவறிவிட்டால் வெட்கத்தில் இரண்டு மாதம் முகத்தையே காட்டமாட்டான். அதே மாணவன் மூன்றாமாண்டில் தவறினால் அடுத்த வாரமே வந்து உட்காருகிறான், "அண்ணா, பேசணும்" என்கிறான். பாவம் அறவே போய்விட்டதா என்று மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. கிருபை என்னவென்று அவனுக்குப் புரியத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது.

மூன்றாவது, படிப்பில் நேர்மை. ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது, வராதவனுக்காக ப்ராக்ஸி கொடுப்பது, செய்யாத பரிசோதனைக்கு ரீடிங் போடுவது எல்லாம் வளாகத்தில் பாவமாகவே எண்ணப்படாதவை. பிரசங்கத்தில் யாரும் தொடாத இந்த இடத்தில் ஒருவன் தானாகவே உறுத்தப்பட்டு நிறுத்தினால், வேதம் அவன் நாளுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டுவது, புதிதாக வந்தவனோடு மெஸ்ஸில் போய் உட்காருவது, வாங்கின 200 ரூபாயைக் கேட்காமலே திருப்பிக் கொடுப்பது போன்றவற்றை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

இனி பாடத்திட்டம். குழுவில் தலைவன் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர்களின் வளர்ச்சி உங்கள் கண்ணில் படவே படாது. வளரவில்லை என்று தெரிகிற குழுக்களில் பாதி, யாரும் வாயைத் திறக்க இடமில்லாத குழுக்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர், 50 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பகுதியை இரண்டுமுறை வாசிக்க 10 நிமிடம். யார், எங்கே, என்ன நடக்கிறது, எந்தச் சொல் திரும்ப வருகிறது என்று கவனிக்க 15. அர்த்தத்துக்கு 15. இந்த வாரம் நான் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் ஜெபத்துக்கும் 10. கவனிக்கிற பகுதியில் தலைவன் கேள்வி மட்டும் கேட்கட்டும். அங்கே தவறான பதில் என்று ஒன்று அதிகம் இல்லை, அதனால் கூச்சமுள்ளவன் முதலில் வாய் திறப்பது அங்கேதான். வழக்கமாகக் கெட்டுப்போவதும் அங்கேதான்: மூன்று விநாடி மௌனம் வந்ததும் தலைவன் பயந்துபோய்ப் பதிலை அவனே சொல்லிவிடுவான். மௌனமாகப் பத்து எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்கள்.

மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். ஒரே செமஸ்டரில் முடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். இன்டர்னல் வாரங்கள், கல்சுரல்ஸ், ஸ்டடி ஹாலிடேஸ் எல்லாம் போக ஒன்பது பத்து கூட்டம் கிடைத்தால் பெரிது. முதல் செமஸ்டரில் 1 முதல் 8 வரை, அடுத்ததில் 9 முதல் 16 வரை. நான்காம் அதிகாரத்தில், விதைத்தவன் தூங்கி விழித்திருக்க அவனுக்குத் தெரியாதவிதமாய்ப் பயிர் வளரும் உவமை (4:26-29) வரும். எட்டில், பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடனை இரண்டு கட்டமாகக் குணமாக்குகிறார். முதல் தொடுதலுக்குப் பின் அவன் மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறான். அடுத்த சில வசனங்களிலேயே பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறான். உடனே சிலுவையைப் பற்றிக் கேட்டதும் ஆண்டவரையே கடிந்துகொள்கிறான். பாதிப் பார்வை. கமிட்டியோடு உட்கார்ந்து இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். "யாருமே வளரலையே" என்ற கேள்விக்கு உங்கள் பேச்சைவிட இது நன்றாகப் பதில் சொல்லும்.

---

பதில் 2: விடுதி_அக்கா

விதைநெல் அண்ணா பார்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். சொல்வதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பவுல் நிருபங்களைத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது அவர்கள் விசுவாசம் பெருகுகிறது, ஒருவரிலொருவர் வைத்த அன்பு அதிகரிக்கிறது, அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம் என்கிறார் (2 தெச. 1:3). நன்றி தேவனுக்குப் போகிறது, அவர்கள் காதில் விழும்படி போகிறது, இன்னதற்காக என்பதும் தெளிவாக இருக்கிறது. பெருமை வருமோ என்ற பயத்துக்கு இதுதான் மருந்து. பயந்து ஒன்றுமே சொல்லாமல் விடுவது நம் சபைகளில் வழக்கம். அப்படி விட்டால் பிள்ளைகள் தாழ்மையாக வளர்வதில்லை, சோர்ந்துதான் போகிறார்கள்.

"நீ ரொம்ப ஆவிக்குரிய பொண்ணும்மா" என்பது முகஸ்துதி. அந்தப் பெண்ணுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் பட்டத்தைக் காப்பாற்றும் பாரம்தான் மிச்சம். "போன வாரம் அவ உன்கிட்ட கோபமா பேசினப்ப நீ பதிலுக்குக் கத்தலை, சாயங்காலம் நீயே போய்ப் பேசின. போன வருஷம் இது உன்னால முடிஞ்சிருக்காது. கர்த்தர் உன்கிட்ட வேலை செய்றார், நான் அவருக்கு நன்றி சொன்னேன்." நடந்தது, முன்பு எப்படி இருந்தது, யார் செய்கிறார் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. அரை நிமிடம்கூட ஆகாது.

தனியாகச் சொல்லுங்கள். நடந்த ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதும். சொன்ன கையோடு எந்த வேலையும் கேட்காதீர்கள்! "நல்லா வளர்ந்திருக்க, அடுத்த வருஷம் செக்ரட்டரி ஆகிறியா?" என்று ஒட்டவைத்துவிட்டால் சொன்ன முதல் பாதி வெறும் தூண்டில் என்றுதான் அவளுக்குப் படும். பொறுப்பைப் பற்றிப் பேசவேண்டுமானால் வேறு நாளில் பேசுங்கள்.

இன்னொன்று, முளைவிட்டதும் மேடைக்கு ஏற்றாதீர்கள். ஒரு பெண் மூன்று வாரம் தொடர்ந்து தியானவேளை எடுத்தாள் என்று தெரிந்ததும் அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்கிறோம். நான்காவது வாரம் அவளால் எடுக்கமுடியாமல் போகும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் அவளோ எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுவாள். குறைந்தது ஒரு செமஸ்டர் முழுக்க நிலைத்த ஒன்றைத்தான் மேடையில் சொல்லவிட வேண்டும்.

பெண்கள் விடுதிகளில் தனியாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அமைதியாக இருப்பதையும் சொன்னதைச் செய்வதையும் வளர்ச்சி என்று எழுதிவிடுகிறோம். அது வீட்டிலே பழக்கிவிட்டது, பல பெண்களுக்கு விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தலையாட்டிக்கொண்டே இருந்தவள் "அக்கா, நீங்க சொன்னது இந்த வசனத்துல இல்லையே" என்று சொன்னால் அதுதான் வளர்ச்சி. முகம் சுளிக்காமல் அவளோடு சேர்ந்து வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். ஆண்கள் பக்கம் இது தலைகீழ்: நன்றாகப் பேசுகிறவனை வளர்ந்தவன் என்று எண்ணிக் கமிட்டியில் போடுகிறார்கள். அவனுக்கு வளர்ச்சி அடுத்தவன் பேசும்வரை காத்திருப்பதில் வரலாம்.

கமிட்டிச் சோர்வுக்கு ஒரு சின்ன வழி. கமிட்டிக் கூட்டம் எப்போதும் வராதவர்கள் பட்டியலோடுதான் தொடங்கும். அதை மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் குழுவில் வேறொருவரிடம் இந்த மாதம் பார்த்த ஒன்றைச் சொல்லி, அதற்காக ஒரு வாக்கியம் நன்றி ஜெபம் செய்யவேண்டும். வெளியே சொல்லத்தக்கதை மட்டும். முதல் மாதம் திணறுவார்கள், "எல்லாரும் நல்லா வர்றாங்க" என்று பொதுவாகச் சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். "யாரு? என்ன பாத்த?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அடுத்த மாதம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

---

கேம்பஸ்_ஆலோசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. கிறிஸ்தவரல்லாத வீட்டிலிருந்து வந்து இயேசுவை அறிய விரும்புகிற மாணவர்களுக்கும், பிறந்ததிலிருந்தே சபையில் வளர்ந்த மாணவர்களுக்கும் ஒரே அளவுகோல் சரியாக வருமா? வருவதை நிறுத்திவிட்டவர்களை என்ன செய்வது?

---

பதில் 3: பரங்கிமலை_பட்டதாரி

சரியாக வராது. யோவான் சுவிசேஷத்தில் யூத அதிகாரியான நிக்கொதேமு மூன்று இடத்தில் வருகிறார். மூன்றாம் அதிகாரத்தில் இரவில், ஆள் தெரியாமல் வருகிறார், கேள்வி கேட்கிறார், புரியாமல் போகிறார். ஏழாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியர், பரிசேயர் நடுவே, ஒருவன் சொல்வதைக் கேட்காமல் தீர்ப்புச் செய்யலாமா என்று கேட்கிறார். தான் சீஷன் என்று அங்கேயும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் அதிகாரத்தில், சீஷர்கள் ஓடிவிட்ட நேரத்தில், ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் (வாசனைத் திரவியங்கள்) சுமந்துகொண்டு இயேசுவை அடக்கம்பண்ணப் பகிரங்கமாக வருகிறார். நம்முடைய ஃபாலோ-அப் பட்டியல் அன்று இருந்திருந்தால், மூன்றாம் அதிகாரத்தோடு அவர் பெயரை அடித்திருப்போம்.

வேறு நம்பிக்கையுள்ள வீட்டிலிருந்து வருகிற மாணவனுக்குப் படிகள் சின்னவை, ஒவ்வொன்றுக்கும் அவன் கொடுக்கிற விலை பெரியது. கிறிஸ்தவ நண்பன் ஒருவனை நம்புவது, சுவிசேஷம் ஒன்றை முழுதாக வாசிப்பது, "இயேசு யார்" என்று தன் வாயால் சொல்லிப்பார்ப்பது, தனிமையில் முதல்முறை அவரிடம் பேசுவது என்று போகும். வீட்டாரிடம் முன்னைவிட மரியாதையாக நடப்பதும் இதில் ஒன்று. பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஞானஸ்நானம் ஒன்றையே அளவாக வைத்து அவசரப்படுத்தினால் இரண்டு கேடு வரும். புரியாமலே சம்மதிப்பான், அல்லது பயந்து விலகுவான். அது அவன் வயது, வீட்டு நிலைமை, சுயசித்தம் எல்லாம் அறிந்து ஒரு சபை பொறுப்பெடுத்து நடத்தவேண்டியது. மாணவர் குழு அதைத் தன் சாதனையாக எண்ணக் கூடாது.

அவனைப் பற்றி ஜெபக்கடிதத்திலோ வாட்ஸாப் குழுவிலோ பெயர், ஊர், துறை, வருடம், சாதி எதுவும் எழுதாதீர்கள். "மூன்றாமாண்டு மெக்கானிக்கல் தம்பி ஒருவன்" என்றாலே அந்தக் கல்லூரியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

சபையில் வளர்ந்தவர்கள் கதை வேறு. ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, வசனப் போட்டி எல்லாம் முடித்து, எந்தக் கேள்விக்கும் பதில் நுனிநாக்கில் வைத்திருப்பார்கள். முதலாமாண்டில் எல்லாரையும்விட வளர்ந்தவர்கள் போலத் தெரிவதும் அவர்கள்தான். அவன் ஒருநாள் "அண்ணா, இதெல்லாம் உண்மைதானான்னு எனக்கே தெரியலை" என்று சொன்னால் பதறாதீர்கள். அப்பா அம்மாவின் விசுவாசம் அவனுடையதாக மாறத் தொடங்குகிற இடம் அது. மறுநாளே பதில் புத்தகம் ஒன்றைக் கையில் திணிக்காமல், அவன் கேள்வி எது என்று இரண்டு மூன்று முறை உட்கார்ந்து கேளுங்கள்.

பின்னணியும் பாருங்கள். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வந்தவனுக்கு உணர்ச்சி எழும்பாத ஒரு பகுதியை முழுதாக உட்கார்ந்து படிப்பது வளர்ச்சியாக இருக்கலாம். சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரன் சபையிலோ ஜெபப்புத்தகத்தோடு வளர்ந்தவனுக்குச் சொந்த வார்த்தையில் வாய்திறந்து ஜெபிப்பது வளர்ச்சி. கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தானே வேதத்தைத் திறந்து அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பது. ஒருவனுக்கு எளிதானது மற்றவனுக்கு மலை.

நின்றுபோனவர்கள்: மாற்கு என்னும் யோவானைப் பாருங்கள். பம்பிலியாவில் பவுலை விட்டுத் திரும்பிப்போனான் (அப். 13:13). அவனை மறுபடி கூட்டிப்போவதா என்று பவுலும் பர்னபாவும் சண்டையிட்டுப் பிரிந்தே போனார்கள் (15:37-39). வருடங்கள் கழித்து அதே பவுல், அவனைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார் (2 தீமோ. 4:11). இடையில் பர்னபா அவனை விடவில்லை. ஆகவே ஒரே ஒருவர், மாதம் ஒருமுறை, கூட்டத்தைப் பற்றிப் பேசாமல் விசாரிக்கவேண்டும். "ஏன் வரலை?" என்பது விசாரிப்பு அல்ல. பரீட்சை எப்படிப் போச்சு, அம்மா நலமா, டீ குடிக்கப் போகலாமா என்பதுதான் விசாரிப்பு. ஐந்து பேர் மாறிமாறிக் கூப்பிட்டால் அவன் போனை எடுக்கமாட்டான்.

---

பதில் 4: சபை_ஊழியர்

மேலே எழுதியதெல்லாம் சரி. ஆனால் மெதுவாக வளர்வதும் நின்றுபோய்க் கிடப்பதும் ஒன்றல்ல. எபிரெயர் 5:12-இல் போதகராகியிருக்கவேண்டிய காலத்திலும் பால் குடிக்கிறவர்களை ஆசிரியர் கடிந்துகொள்கிறார். பொறுமை என்ற பெயரில் அதை மறைக்கக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய விதைநெல் சொன்ன நோட்டே உதவும். இரண்டு முழு செமஸ்டர் ஒரு பக்கத்தில் புதிய வரி ஒன்றுகூட விழவில்லையென்றால், முதலில் நீங்கள் அவனைக் கவனித்தீர்களா என்று பாருங்கள். கவனித்தும் இல்லையென்றால் அவனுக்குக் கிடைப்பதை மாற்றுங்கள். குழுவில் நான்காம் வருடமும் அதே அடிப்படைப் பாடங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் தேங்கித்தான் போவான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தனியாக ஒரு மணி நேரம், அவன் தெரிந்தெடுத்த நிருபம் ஒன்று. கூடவே ஒரு பொறுப்பு, அவன் தவறினால் யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே குறைவு ஏற்படுகிற பொறுப்பு. முதலாமாண்டுத் தம்பி ஒருவனோடு வாராவாரம் மாற்கு வாசிப்பது அப்படிப்பட்டது. போஸ்டர் ஒட்டுவது அப்படிப்பட்டதல்ல. பிறகு நேரடியாகக் கேளுங்கள்: "ஒரு வருஷமா அதே இடத்துல நிக்கிற மாதிரி எனக்குப் படுது. நீ என்ன நினைக்கிற?" பலமுறை அதற்குப் பின்னால் மறைத்துவைத்த ஒரு பாவமோ, ஆறாத ஒரு காயமோ இருக்கும்.

சில காரியங்களில் மெதுவாகப் பார்ப்போம் என்பதே கூடாது. ராகிங், பெண்களிடம் தவறான நடத்தை, குழுப் பணத்தில் கைவைத்தல், இன்னொருவருக்குத் தீங்கு விளைகிற எதுவும் அன்றே கையாளப்படவேண்டும். செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை ஆவிக்குரிய பெலவீனம் என்று எண்ணி ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள், அன்றே வீட்டாருக்கோ விடுதிப் பொறுப்பாளருக்கோ தெரிவியுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபமும் கூடவே நடக்கட்டும்.

சபைத் தொடர்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாணவர் குழு நான்கு வருடத்துக்கு மட்டும்தான். அங்கே நன்றாக வளர்ந்தவன் வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனதும் ஆறு மாதம் எந்தச் சபைக்கும் போகாமல் கிடப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். தன் வயதுக்காரர்களோடு மட்டும் வளர்ந்ததால், தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் உள்ள சபையில் அவனுக்கு உட்காரத் தெரியவில்லை. ஆகவே இரண்டாமாண்டிலிருந்தே கல்லூரிக்குப் பக்கத்துச் சபை ஒன்றில் ஒழுங்காக இருக்கப் பழக்குங்கள். குழுக் கூட்டத்தை ஞாயிறு காலையில் வைக்காதீர்கள். இறுதியாண்டில், ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும், போகிற ஊரில் இருக்கிற பட்டதாரி ஒருவரின் நம்பரையும் இரண்டு சபைகளின் முகவரியையும் கொடுத்து, போன முதல் ஞாயிறே போகச் சொல்லுங்கள். முதல் மாதம் தவறினால் பிறகு பழகுவது கடினம்.

---

பதில் 5: விதைநெல்

ஊழியர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஜெபக்கடிதக் கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது.

எண்ணிக்கையை முழுக்க விடவேண்டாம், ஜெபிக்கிறவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. கடைசியில் ஒரு வரியாகப் போடுங்கள்: "வாரக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருகிறார்கள்." குறைந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். அதற்கு மேலே ஆள் அடையாளம் தெரியாதபடி மூன்று காரியம். உதாரணமாக:

"மாற்கு எட்டாம் அதிகாரம் முடித்தோம். இந்த மாதம் முதல்முறையாக, மூத்தவர்கள் யாரும் இல்லாமல் மாணவர்களே ஒரு வேதபாடத்தைத் தயாரித்து நடத்தினார்கள். இரண்டு கேள்வி தடுமாறியது, மற்றவை நன்றாக இருந்தன. ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த இருவர் ஒப்புரவானார்கள். இன்டர்னல் நேரத்தில் தியானவேளை பலருக்கு நின்றுபோனது, மறுபடி தொடங்க ஜெபியுங்கள்."

தடுமாறியதும் நின்றுபோனதும் கடிதத்தில் இருக்கட்டும். வெற்றிகளை மட்டும் வாசித்துப் பழகிய பட்டதாரிகள் வளாகத்துக்கு வரும்போது முகாம் இரவை எதிர்பார்த்து வருகிறார்கள், ஒன்பது பேரைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள், அந்த ஏமாற்றம் முகத்தில் தெரிகிறது, மாணவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். மேலே உள்ளது போன்ற கடிதத்தை ஒரு வருடம் வாசித்தவர் வந்தால், போன மாதம் தடுமாறின அந்த இரண்டு கேள்வி என்னென்ன என்று கேட்பார். அடுத்த பாடத்தைத் தயாரிக்க மாணவர்களோடு உட்காருவார்.

அனுப்புவதற்கு முன்னால் கடிதத்தைக் குழு மாணவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். யாரைப் பற்றி என்று அவர் கண்டுபிடித்துவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.